மைத்துனனின் ஈரல்

எனக்குச் சர்க்கரை வேண்டாம், நன்றி. என் மைத்துனன்தான் ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி போடுவான். "டீயில சர்க்கரை போடுறியா, சர்க்கரையில டீ ஊத்துறியா?" என்று தினமும் கேட்பேன். தினமும் சிரிப்பான். ஒரே கேலிக்கு ஏழு வருஷம் சிரித்த மனிதன். அவனைப்போல ஒரு நல்லவனை நான் பார்த்ததில்லை, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் என் மனைவியின் தம்பி. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் விலங்குக் கூடத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். முயல்களைப் பார்த்துக்கொள்வான். முயல் கத்தும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கண்ணில் மருந்து விடும்போது கத்தும், கைக்குழந்தை மாதிரி. அதைக் கேட்டுக் கேட்டுத்தான், விலங்குகளே இல்லாமல் மருந்துகளைச் சோதிக்கும் இந்த மையத்தைத் தொடங்கினேன். கூண்டுகளைக் கழற்றிப்போட்ட அன்று அவனும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அதே கட்டடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலைக்கு மாறிக்கொண்டான்.

எங்கள் வேலை இதுதான். மனித ஈரலின் செல்களை விரல் நீளத்துக்கு ஒரு சிப்பில் வளர்ப்போம். ரத்தத்துக்குப் பதிலாக அதில் ஊட்டத் திரவம் ஓடும். திரவத்தில் மருந்தைக் கலந்தால் ஈரல் தாங்குமா, சாகுமா என்று தெரிந்துவிடும். அதற்கு ஈரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மைத்துனனுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது, அவன் கையெழுத்தோடு, நகம் அளவு ஒரு துண்டு எடுத்துக்கொண்டோம். அது நன்றாக வளர்ந்தது. தினமும் காலையில் ட்ரேயும் கையுமாக வந்து எட்டிப் பார்ப்பான்.

"நம்ம ஈரல் எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்குப்பா. உன்னைவிட ஒழுங்கா சாப்பிடுது."

போன வருஷக் கடைசியில் ஒரு வலி மாத்திரை சோதனைக்கு வந்தது. வேறொரு இடத்தில் எலிகள் அதைத் தின்றுவிட்டுக் கொழுகொழுவென்று இருந்தன. எங்கள் சிப்பில் பதினோராம் நாள் ஈரல் செத்தது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் பதினோராம் நாள். மருந்துகளுக்கு அனுமதி தரும் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் என் அறிக்கையை மூடி வைத்தார்.

"எலி பொழைச்சிருக்கு சார். உங்க சிப் சொல்றது நிஜம்னு எப்படி நம்புறது? எந்த மனுஷன்கிட்ட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

நியாயமான கேள்வி. எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. ஆனால் பதில் சொல்லாவிட்டால் மையத்தை மூடுவார்கள், அந்த மாத்திரை கடைக்கு வரும், கூண்டுகளும் திரும்பி வரும். பத்து நாள் யோசித்தேன். யாரோ ஒரு மனிதனோடு ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது. சிப்பில் இருப்பது யாருடைய ஈரலோ, அவனோடுதான் ஒப்பிட முடியும்.

முதல் வாரம் ஒன்றும் கலக்கவில்லை. டீயை மட்டும் நான் போட்டுக் கொடுத்தேன். சாதாரண நிலை என்ன என்று பார்க்காமல் சோதனையைத் தொடங்குவது அரைகுறை வேலை. மையத்தில் எல்லாருக்கும் எடுக்கிறோம் என்று சொல்லி ரத்தம் கேட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான். அடுத்த திங்கட்கிழமை, அவன் எடைக்குத் தகுந்த அளவில் மருந்தைக் கலக்கத் தொடங்கினேன். கசப்பு மருந்துதான், மூன்று கரண்டி சர்க்கரையில் தெரியாது. அன்றைக்கே அவன் ஈரலிலேயே வளர்த்த இரண்டு புதிய சிப்களையும் ஓடவிட்டேன். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் திரவம்.

"நீங்க டீ போடுறத அக்கா பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடும் மாமா. வீட்டுல ஒரு நாள் தண்ணி மோந்து குடிச்சதில்ல நீங்க."

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு மருந்து ஓடிய சிப் மங்கியது. பத்தரைக்கு அவன் வந்தான். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷத்தோடுதான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். முயல்களுக்கு நான் எழுதிய விதிமுறையில் அது இருக்கிறது: தீனி எடுக்க மறுத்தால் நிறுத்திவிட வேண்டும். இவன் மறுக்கவில்லை. வாய் கசக்கிறது என்று சொல்லி நாலாவது கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சா காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்றாருங்க. நாள் முழுக்க உங்ககூடதானே இருந்தான். நல்லா யோசிச்சுப் பாருங்க."

நன்றாகத்தான் யோசித்தேன். சிப்புக்கு நான் விஷ முறிவு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இவனுக்கு மட்டும் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுப்போகும். "ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் போய்விட்டான். அறிக்கையை எழுதி முடித்து, அவனுடைய ரத்த முடிவுகளோடு, நானே குழுவுக்கு அனுப்பினேன். ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. பயன்படுத்திய விலங்குகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன், அதுவும் பொய்யில்லை.

சிப்பை அவ்வளவு நம்பியிருந்தால் அவன் செத்துப்போவான் என்று முன்பே தெரிந்திருக்குமே என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். சந்தேகம் குழுத் தலைவருக்குத்தான், எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இன்று புதன்கிழமை. இன்குபேட்டரில் அந்த இரண்டாவது சிப் இருக்கிறது, மருந்து கலக்காதது. இரண்டு நாளுக்கு ஒரு முறை அதற்குத் திரவம் மாற்ற வேண்டும். யாரையாவது அனுப்புங்கள், பட்டினி கிடந்தால் தாங்காது. ஓர் உயிர் வதைபடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. வெளியே என் மனைவி உட்கார்ந்திருப்பாள். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் தம்பி நன்றாக இருக்கிறான், ஒழுங்காகச் சாப்பிடுகிறான்.