புளியங்கொட்டைக் கண்

விடியற்காலை ஐந்து மணி. கொரட்டூர் ஏரிக்கரைப் பாதை. ஆள் இல்லை. மண்வெட்டியோடு ஒரு பெண் ஓடுகிறாள்...

"மாமே, கரண்ட் வந்தப்புறம் சொல்லேன்," என்றான் இருட்டில் என்னருகே கதை கேட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ்.

"பயமா கீதாடா? புஷ்பாக்கா பக்கத்துல போய் குந்து," என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

மண்வெட்டியோடு ஓடியவள் என் சிநேகிதன் ஜெயராமனின் அக்கா, பூங்காவனம். எண்பத்தேழில் நடந்தது. அவளுக்கு ஒரே பெண், வடிவு. ஆறு வயது. அன்று காலைதான் முதல் பால்பல் விழுந்தது, இருபதில் ஒன்று. சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு விளையாட ஓடினாள். ஏரிக்கரையில் செருப்பு மட்டும் கிடைத்தது.

பதினாறு நாள் தேடினார்கள். உடல் இல்லை.

"வைக்கோல்ல பொம்மை செஞ்சி பொதைச்சிடலாம்," என்றார் பூங்காவனத்தின் கணவரின் அண்ணன் உலகநாதன். "இல்லாங்காட்டி கொயந்த அலைஞ்சிகினே இருக்கும். ஆனா கண்ணு மட்டும் வைக்காத."

பூங்காவனமே செய்தாள். வைக்கோலை நனைத்து முறுக்கினாள். பழைய வேட்டியைச் சுற்றித் தைத்தாள். சீப்பில் சிக்கியிருந்த வடிவின் முடியை வைத்தாள். அவள் பாவாடையைக் கட்டினாள். முகம் வெறுமையாக இருந்தது. தாங்க முடியவில்லை. துணியைக் கீறி இரண்டு புளியங்கொட்டைகளைப் பதித்தாள். வாய் தைக்கச் சிவப்பு நூல் கோப்பதற்குள்... உலகநாதன் பிடுங்கிக்கொண்டு போனார்.

கரையில் மல்லாத்திப் புதைத்தார்கள்.

பூங்காவனம் தூங்கவில்லை. தம்பியின் காலைப் பிடித்தாள். "கண்ணு கீதுடா. வாய் இல்ல. இருட்ட பாத்துகினு, கத்தக்கூட முடியாம கெடக்குறா. தோண்டிக் குடுடா..."

"சும்மா இரு அக்கா. வெறும் வைக்கோலு."

மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். மண்ணுக்குள் உறிஞ்சும் சத்தம். டம்ளரின் அடியைக் குழந்தை உறிஞ்சுவதுபோல... எல்லாருக்கும் கேட்டது.

"கெளம்புங்க," என்றார் உலகநாதன்.

மறுநாள்தான் அந்த ஐந்து மணி. ஜெயராமன் தடுக்கத்தான் ஓடினான். போய்ச் சேர்ந்ததும் அவனும் கையால் தோண்டினான். சேற்று வாடை. ஈர வைக்கோல் வாடை. நடுவே புளித்த பால் வாடை.

பொம்மை குப்புறக் கிடந்தது.

அக்கா திருப்பினாள். கண்களுக்குக் கீழே துணி கிழிந்திருந்தது. உள்ளிருந்து வெளியே. கிழிசல் நிறைய மண். விரலை விட்டு மண்ணை வழித்தாள். ஏதோ நறநறத்தது. ஜெயராமன் டார்ச் அடித்தான்.

சின்னச் சின்னப் பற்கள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டு எண்ணினாள்.

பத்தொன்பது.