காம்பிரா கெடையாது, போ மேன்!

ஹலோ... ஹலோ... ஆபீஸா? யாரு, வீரய்யாண்ணனா?... நான்தாண்ணே, சோலைமலை. தேயிலை ஸ்டோருல இஞ்சின் ஓட்டுற சோலைமலை... ஆமா, ஆமா, உசுரோடதான் இருக்கேன். சின்னத்தொரை பக்கத்துல இருக்காரா?... காலையிலயே கார்ல நுவரெலியா போயிட்டாரா? அப்பாடா!

லிந்துலையில, லாபிர் நானா கடையில நிக்கிறேண்ணே... தொரையோட மோட்டார் சைக்கிளா? வெளியிலதான் நிக்குது, ஒரு கீறல் இல்ல. கீறல் பூரா என் மொழங்கையிலதான்...

லொறி எங்கண்ணே வந்துச்சு? தலவாக்கலை கராஜு வாசல்ல ரெண்டு மணி நேரம் கால் கடுக்க நின்னேன்... ஆமா, லொறியில ஏத்திக்கிட்டு வரச் சொன்னாரு... ஆமா, ஓட்டக்கூடாதுன்னும் சொன்னாரு, ஆமா... ஆனா ரிப்பேர் பாத்து, தொடச்சு, பளபளன்னு நிக்குதுண்ணே. ஒரு இஞ்சின்காரன் மனசு என்ன பாடுபடும்? ஓட்டிட்டேன்.

...தனியாத்தான். பின்னால யாரு ஒக்காருவா, ஒங்க பெரிய கிளாக்கரா?

தார் ரோட்டுல வந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு மலைக்குள்ள குறுக்கு ரோட்டுல ஏறிட்டேன்... ஆமா, கிறவல் ரோடுதான்... சிரிக்காதீங்கண்ணே! மழையில கல்லெல்லாம் கெளம்பி முட்டை முட்டையா கெடக்குது. முன்சக்கரம் வீட்டுக்குப் போவோங்குது, பின்சக்கரம் தலவாக்கலைக்கே திரும்புவோங்குது. நடுவுல நான், முருகா முருகான்னு...

ஆ? ஒவ் நோனா, ஒவ் ஒவ், கதா கரனவா, கதா கரனவா... ஹலோ, அண்ணே? எக்ஸ்சேஞ்சு நோனா. பேசி முடிஞ்சிச்சான்னு சிங்களத்துல கேக்குறாங்க. இனிமேத்தானே விசயமே இருக்கு!

கேளுங்க. பனி மூட்டம், தூறல் வேற. தொரையோட மழைக்கோட்டும் கண்ணாடியும் வண்டியோடயே கெடந்துச்சா, மாட்டிக்கிட்டேன். நம்ம மலையில தொரைய விட்டா யாருக்கு மோட்டார் சைக்கிள் இருக்கு? சத்தம் கேட்டுச்சோ இல்லியோ, கொழுந்தெடுக்குற பொம்பளைக வாய மூடிட்டாங்க, கை மட்டும் பறக்குது. குந்தியிருந்த ஆம்பளைகெல்லாம் கவ்வாத்துக் கத்தியத் தூக்கிட்டாங்க. எங்க காளியாயி சின்னம்மா இருக்கே... ஆமா, தெனம் என்னைய வெளங்காதவன்னு திட்டுமே, அதேதான்... அது எனக்கு சலாம் போடுதுண்ணே!

...நானா? நானும் தொரை மாதிரி ஒரு வெரலத் தூக்கிக் காட்டுனேன். பின்ன? நின்னு, நான்தான் சின்னம்மான்னு சொன்னா இஞ்சின் நின்னுரும். அந்த ஏத்தத்துல மறுபடி யாரு ஒதைக்கிறது?

பொறவுதாண்ணே வேடிக்கை. பத்தாம் நம்பர் மலை வளைவுல பழனியாண்டி கங்காணி... ஆமா, ராக்காயியோட அப்பா. நான் பொண்ணு கேட்டு மூணு மாசமா 'பாப்போம், பாப்போம்'னு இழுத்தடிக்கிறாரே, அந்த மகராசன். வண்டியப் பாத்ததும் பாதைய விட்டு ஓரத்துத் தண்ணிக் கான்ல எறங்கிட்டாரு. தலப்பாவக் கழட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு, 'தொரைகளே, மகளுக்குக் கல்யாணமுங்க, லயத்துல குடியிருக்க ஒரு காம்பிரா குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்'னு கெஞ்சுறாரு.

எனக்குப் பத்திக்கிச்சுண்ணே! கல்யாணமாம்ல! யாரோட? மேல் டிவிசன் கணக்கப்புள்ள மாயாண்டியோடதானே? அவன் பொண்ணு கேட்டான்னு ஊரே பேசுது... நான் என்ன செஞ்சேனா? தொரை குரல்லயே போட்டேன் ஒரு போடு: 'காம்பிரா கெடையாது! போ மேன்!' முறுக்குனேன் பாருங்க, கோவத்துல நம்ம ஸ்டோரு திருப்பத்தயே விட்டுட்டு எறக்கம் பூரா எறங்கி லிந்துலையில வந்து நிக்கிறேன். எப்புடி?

...என்னண்ணே, சிரிப்பக் காணோம்?

...ஆமா. கணக்கப்புள்ளைக்குத் தோட்டத்துலயே தனி வூடு இருக்கு... ஆமா... அவனுக்கு எதுக்கு லயத்துக் காம்பிரா...

அண்ணே, இருங்க. அப்ப யாருக்குக் கேட்டாரு?

...

எனக்கா?

...ஆமா, எங்க காம்பிராவுல ஏழு பேரு. படுத்தா கால் நீட்ட எடமில்ல... தனிக் காம்பிரா கெடைச்சாத்தான் சம்மதம் சொல்றதுன்னு இருந்தாரா? அதுக்குத்தான் மூணு மாசமா பாப்போம்னாரா? அடக் கடவுளே, தவளை தன் வாயால கெட்ட கதையாப் போச்சே!

இப்ப எங்க இருக்காரு?... ஆபீஸ் வராந்தாவுலயா?... தொரையே மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு, இந்தப் பேச்சே இனி வேணாம்னா?... நுவரெலியா போன தொரைய இவரு எப்புடி பாத்தாருன்னு நீங்களும் முழிச்சீங்களா... ஐயோ. அழுதாரா?

தெரியும்ணே. நான்தான்னு சொன்னா தொரை காதுக்குப் போவும், வேலைய நிறுத்தி, பத்துச்சீட்டக் கையில குடுத்து வெரட்டிருவாரு. சொல்லலேன்னா ராக்காயி போயிருவா... யோசிக்க என்னண்ணே இருக்கு? வேலைன்னா வேற தோட்டத்துல கெடைக்கும். ராக்காயி கெடைப்பாளா? போன அவரு கையில குடுங்க.

...மாமா? சோலைமலை பேசுறேன்... கேக்கலயா? திருப்பிப் புடிங்க மாமா, அது பேசுற பக்கம்... ஆங். மாமா, வளைவுல வந்தது தொரை இல்ல. நான்தான்... ஆமா. போ மேன்னு சொன்னதும் நான்தான்... மாயாண்டிக்கின்னு நெனச்சுட்டேன் மாமா...

...மாமா? போன வச்சிராதீங்க.

...திட்டுங்க... ஆமா, நாய்தான்... ஆமா, அதுவுந்தான்... எங்கப்பாவ ஏன் மாமா இழுக்குறீங்க, அவரு பாவம்... சரி, சரி, அவரையும் திட்டுங்க.

...தெரியும் மாமா. எனக்காகத்தான் தலப்பாவக் கழட்டுனீங்க. அத நெனச்சா வெக்கமா இருக்கு. நெசமா, மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

...என்னது? ஓட்டிக்கிட்டு வரக்கூடாதா?... தள்ளிக்கிட்டா? மாமா, இது இரும்பு! ஸ்டோரு வரைக்கும் மூணு மைலு, அம்புட்டும் ஏத்தம், கிறவலு... ஆமா, எறங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு... சரி மாமா. தள்ளுறேன்.

...நீங்க ஸ்டோரு திருப்பத்துல வந்து நிப்பீங்களா? தூறல்ல நீங்க எதுக்கு... ஓ... தொரைகிட்டயா?... 'லொறி வரலீங்க, பையன் ஏத்தம் பூரா தள்ளிக்கிட்டு வந்தான், கண்ணால பாத்தேன்'னு நீங்களே சொல்லுவீங்களா?... பாக்காததப் பாத்தேன்னு சொல்ல மாட்டீங்க... அதுக்குத்தான் தள்ளச் சொல்றீங்களா!

மாமா...

...என்ன? தொரைக்கு மனசு எளகுன கையோட காம்பிராவும் கேப்பீங்களா? ராக்காயிக்கும் எனக்குமா? மாமா, பறந்தே வந்து... இல்ல, இல்ல, ஏறல, ஏறல! தள்ளிக்கிட்டுத்தான் ஓடியாறேன், வச்சிர்றேன்!