நீல மூடி டப்பா

களிம்பை எடுத்த எடுப்பில் தோலில் வைக்கக்கூடாது. முதலில் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். பிறகு காதுக்கு முன்னால், வாயைத் திறந்தால் ஒரு குழி விழுமே, அந்த இடத்தில் வைத்துக் கன்னத்துத் தசை வழியாகத் தாடை வரை மெதுவாக இழுக்க வேண்டும். பலர் அவசரப்பட்டு அழுத்திவிடுகிறார்கள். நான் ஒருநாளும் அழுத்தியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பின்னறையில் களிம்பு கலக்குவதுதான் என் வேலை. கண்ணாடிப் பலகை, தட்டைக் கத்தி, மெழுகு, மருந்துத் தூள். என் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்பவர். அவர் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. "எங்க அண்ணன் கல்லைக்கூடப் பேச வச்சிடுவாரு" என்பாள் நாத்தனார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தாடை வலி வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம். மூட்டும் மெல்லும் தசையும் புண்பட்டிருக்கிறது, களிம்பு தடவுங்கள் என்றார் பல் டாக்டர். நானே கலந்தேன். நல்ல மருந்துதான். அந்த நாட்களில் அவர் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து கன்னத்தைக் காட்டுவார். "நீ தடவினாலே பாதி வலி போயிடுது" என்பார். பத்து நாளில் வலியில்லாமல் கொட்டாவி விட்டார். பதினோராம் நாள் நண்பர்களோடு வெளியே போய்விட்டார். குணமானவர்கள் வீட்டில் தங்குவதில்லை, அம்மா. இது என் அனுபவம்.

அதற்கப்புறம்தான் அந்தத் தொலைபேசி அழைப்புகள். பால்கனியில் நின்று அடங்கிய குரலில் பேசுவார். துணி காயப்போட நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

"யாரு?"

"ஆபீஸ்ல."

ஆபீஸில் பேச எதற்கு அடங்கிய குரல்? ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்துப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் மேடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டேன். அறுபதுக்கு மேற்பட்ட வண்டிகளை அறிவித்தார். மலையடி ஊருக்குப் போகும் வண்டியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகியது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த வாரமே அவர் பையில் ஒரு காகிதம் கிடைத்தது. அதே மலையடி ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம். முதல் பக்கத்தின் நகல்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று நாத்தனார் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு இருந்தது சந்தேகம் இல்லை, கவனம்.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். ஒரு மனிதரைப் பொய் சொல்ல வைப்பது பாவம். அதற்குப் பதிலாக, பல்லைக் கடிக்கிற பழக்கம் போகாமல் அவருக்கு வலி மறுபடி வந்தபோது, இரண்டாவது டப்பா ஒன்று தயாரித்தேன். வெள்ளை மூடியில் மருந்து. நீல மூடியில் வெறும் மெழுகு, வாசனைக்குக் கொஞ்சம் புதினா உப்பும் கற்பூரமும். வாசனை இருந்தால் மருந்தும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். பால்கனிப் பேச்சு அதிகமான வாரங்களில் நீல மூடி. வலி அதிகமாகிச் சாப்பிட முடியாமல் போனால் இரண்டு நாள் வெள்ளை மூடி. ஒரேயடியாக வாட்டவில்லை.

இடமாற்றத்துக்கான நேர்காணலுக்கு முந்தின வாரம் முழுக்க நீல மூடி. குரல் சோதனையில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. "மைக்கப் பாத்தாலே பயமா இருக்கு" என்றார். பிறகு அவரைப் பழைய காகிதங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். பேச்சு குறைந்தது. நண்பர்கள் குறைந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். மூன்று வருடம், அம்மா. எங்களைப் போல ஒற்றுமையாக அந்தக் கட்டிடத்தில் யாரும் வாழவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வலி மாறியது. மெல்லும்போது வராமல் படி ஏறும்போது வந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. இடது தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நின்றால் விட்டுவிடும். ஆஸ்பத்திரி நடையில் பல் டாக்டர் என்னை நிறுத்தினார்.

"நேத்து உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். இது தாடையில இருந்து வர்ற வலி மாதிரி தெரியலம்மா. நெஞ்சுலேருந்து வரலாம். இந்தக் கடிதத்த நாளைக்கே இதயப் பிரிவுல காட்டிடுங்க."

சரி என்றேன். அங்கே சேர்த்தால் படுக்கை, இயந்திரம், நர்சுகள், தலைமாட்டில் நாத்தனார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் இல்லையா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, "களிம்பையே தொடரச் சொல்லிட்டார்" என்றேன். கடிதத்தைச் சமையலறை இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. காய்கறிப் பையோடு படி ஏறி வந்தவர் கட்டிலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை.

"யாரையாவது கூப்பிடு."

"தடவுறேன், சரியாயிடும்."

"இது வேற மாதிரி இருக்கு. தங்கச்சியக் கூப்பிடு."

அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று மேசையில் இருந்த போனை எடுத்து அடுத்த அறையில் வைத்தேன். வெள்ளை மூடியைத் திறந்தேன். உள்ளங்கையில் சூடாக்கினேன். நாற்பது நிமிடம் தடவினேன். நடுவில் நாத்தனார் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை, கையெல்லாம் களிம்பு. என் மடியில் அவர் தலை கனத்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தடவினேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் நீல மூடி டப்பாவைக் கேட்டு வாங்கிப் போனாள். அவள் தையல்காரி. நாள் முழுக்கப் பல்லால் நூலைக் கடித்து அவளுக்கும் தாடை வலி. ஒரு வாரம் தடவியும் கேட்கவில்லை. வேறு மருந்தகத்தில் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, இதுல மருந்தே இல்லையாமே?"

அந்தக் கேள்விதான் உங்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று நீங்கள் அந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினீர்கள். தம்பதியாகத் தங்கத் தரைத்தள வீடு வேண்டும், மருந்துத் தூளால் மனைவிக்கு ஓயாத இருமல், அங்கே காற்று நன்றாக இருக்கும், அவளுக்கும் அங்குள்ள ஆஸ்பத்திரியில் வேலை பேசி வருகிறேன், கிடைத்த பிறகுதான் அவளிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன்.

செய்தது நான்தான். வலியை வளர்த்தது, கடிதத்தை மறைத்தது, போனை எடுத்துப் போனது, கதவைத் திறக்காதது, எல்லாம் தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் ஒன்றை நீங்களும் யோசித்துப் பாருங்கள், அம்மா. என்னைப் பற்றி எழுத அவருக்கு இரண்டாம் பக்கம்தானா கிடைத்தது? முதல் பக்கத்தில் எழுதியிருந்தால், இன்று உயிரோடு இருந்திருப்பார்.