பொடி போடாத புட்டிகள்

காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டி கூடினாலும் எனக்குத் தெரிந்துவிடும், ஐயா. அளவு விஷயத்தில் நான் அப்படி. இருபத்திரண்டு வருஷமாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு சமைக்கிறேன். மீடியா என்பார்கள். ஆராய்ச்சி செய்தவர் பெயர் அச்சில் வரும். சமைத்தவன் பெயரை யார் போடுகிறார்கள்?

அங்கே ஆராய்ச்சி செய்த அந்தப் பெண் வளர்த்தது ஒரு நோஞ்சான் பாக்டீரியா. தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள அதற்கு ஓர் அமினோ அமிலம் வேண்டும். டாப் என்போம், வெள்ளைப் பொடி. மற்றவை தாமே தயாரித்துக்கொள்ளும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நாம் போடாவிட்டால் சுவர் இடிந்து, வெடித்துச் செத்துப்போகும்.

அவள் கெட்டவள் இல்லை. "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்காமல் என் அறையைத் தாண்ட மாட்டாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு உழைத்தவள். ஆனால் ஒருநாள் துறைக் கூட்டத்தில், "மீடியாவ ரெடிமேடா வாங்கிடலாம் சார். அத யார் வேணா கலக்கலாமே" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து அவளுடைய புட்டிகளில் மட்டும் டாப் போடவில்லை. போட்டதாக லேபிள் எழுதினேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, ஒரு வாரம் என் அருமை தெரியட்டும் என்றுதான் நினைத்தேன்.

பாக்டீரியா வளர்ந்தால் புட்டி கலங்க வேண்டும். அவளுடையது தண்ணீராக நின்றது. என்னிடம் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. பேராசிரியர் அதே பாக்டீரியாவை இன்னொரு மாணவனிடம் கொடுத்துப் பார்த்தார். அவன் புட்டிக்கு நான் ஒழுங்காகப் போட்டிருந்தேன். நன்றாகக் கலங்கியது.

"பாக்டீரியால கோளாறு இல்லம்மா. உன் கைதான் சரியில்ல" என்றார்.

அதன்பிறகு கை கழுவ ஆரம்பித்தாள். முதலில் சோப்பு, பிறகு ஸ்பிரிட், கடைசியில் தரை கழுவும் பிளீச்சிங் கரைசல். தோல் உரிந்தது. களிம்பு வாங்கிக் கொடுத்தது நான்தான். "என் கையில என்னமோ இருக்குண்ணே. தொட்டதெல்லாம் சாவுது" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அதற்குள் நான்கு மாதம் ஓடியிருந்தது. ஒரு வாரம் என்றால் விளையாட்டு என்பார்கள், நான்கு மாதம் என்றால் வேலை போய்விடும். அடுத்த புட்டியிலும் போடவில்லை.

ஏழாம் மாதம் படிப்பை விட்டாள்.

மனசு கேட்காமல் போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான். கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, அவள் அசையவில்லை.

"பெத்த புள்ளைய மூணு மாசமா தொடலப்பா. தொட்டா செத்துருமாம்" என்று அவள் அம்மா என்னிடம் அழுதார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு ராசியான கை. நீங்க தூக்குங்க."

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். குழந்தை அடங்கியது. அவள் லேசாகச் சிரித்தாள். என் கையைப் பற்றி இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை, ஐயா.

எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மேல் நிரம்ப மரியாதை வைத்திருக்கிறாள்.