ஜெகதாம்பாள் அம்மையார் உரக்க வாசித்த சீட்டு

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் ஜானகிராமன் அவர்களே, முதல்வர் அவர்களே, அம்மையார் உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காமல் இன்று அவர் படத்துக்கு மாலையோடு வந்திருக்கும் பெரியோர்களே, நாளைய மனநல வார்டு போஸ்டிங்கை நினைத்து மூன்றாவது வரிசையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும் என் மாணவிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் ஜெகதாம்பாள் அம்மையாரைக் கருணைக் கடல் என்றார்கள். கடலாவது! இந்த வேலப்பன்சாவடி நர்சிங் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் மனநலப் பாடம் எடுத்த கொடுமைக்காரி அவர். அவரிடம் படித்த நாகவல்லி சொல்கிறேன், கேளுங்கள்.

மனநல வார்டுக்குப் பயிற்சிக்குப் போகும் முதல் நாள், பஸ்ஸிலேயே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார். "இன்னா பயமோ எழுதுங்கடி, பேரும் போடணும்" என்பார். கடிப்பார்களோ, முடியைப் பிடித்து இழுப்பார்களோ, நமக்கும் ஒட்டிக்கொள்ளுமோ! மதுரவாயல் தாண்டுவதற்குள் எழுதிவிடுவோம். பிறகு வார்டில், நோயாளிகள் முன்னாலேயே, பெயர் சொல்லி உரக்க வாசிப்பார். அவர்கள் சிரிப்பார்கள், நாங்கள் கூனிக் குறுகுவோம். யாருடைய சீட்டோ, அவள் ஒரு நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

எண்பத்தாறில் என் முறை வந்தது. 'பெண்கள் வார்டில் என் அக்கா பொன்னியம்மா இருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயம்' என்று எழுதினேன். அக்காவை வேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டதாகத்தான் மண்ணூர்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். உண்மையை எழுதினால் என்னை மட்டும் வெளியே விட்டுவிடுவார் என்று நம்பினேன். முட்டாள்!

ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார்.

மூலையிலிருந்து அக்கா எழுந்தாள். "அய்யே, எந்தங்கச்சி நாகு வந்துகீதுடி! ஊட்டுக்கு இட்டுகினு போறியா?"

"அவ பக்கத்துல போய் உக்காரு" என்றார் அம்மையார். நான் உட்காரவில்லை. வராந்தாவுக்கு ஓடினேன். அன்றைக்கே ஹாஸ்டலில் என் தட்டைத் தனியாக வைத்தார்கள். அடுத்த மாதம், பேசி வைத்திருந்த சம்பந்தமும் போயிற்று. இதற்குப் பெயரா கருணை? சொல்லுங்கள்!

அன்று ஓடிய நான் வராந்தா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார வேண்டிய இடத்தில் அம்மையார் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார், ஆறு வருடம். நான் ஒரு நாளும் போகவில்லை. சாகும்வரை என் அக்கா தங்கச்சி என்று கூப்பிட்டது அவரைத்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

போன வருடம் அம்மையாருக்கே புத்தி தடுமாறியது. பூந்தமல்லி பஸ் நிலையத்தில், போக வேண்டிய இடம் தெரியாமல் நின்றவரை அதே வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்போது அங்கே மாணவிகளைக் கூட்டிப்போவதும் சீட்டு வாங்குவதும் நான். போன மாதம் ஒரு சீட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ருசித்து ருசித்து வாசித்தேன். 'ஜெகதாம்பாள் மேடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.'

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் பாடம் மறக்கவில்லை. "யாருடி எழுதினது? பேரு?"

"நாகவல்லி" என்றேன்.

ஆமாம், மாணவிகளின் சீட்டுகளோடு கலந்து நான் வைத்த சீட்டுதான் அது. குத்திக்காட்டத்தான் எழுதினேன். வாசிக்கும்போதுதான் அது உண்மை என்று தெரிந்தது.

"பயப்படாத கண்ணு. பக்கத்துல வந்து உக்காரு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோராம் நாள் அவர் போய்விட்டார். நான் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் பணியைத் தொடர வேண்டும் என்றார் தாளாளர் ஐயா. தொடர்கிறேன். மூன்றாவது வரிசைப் பெண்களே! நாளைக் காலை எட்டு மணிக்கு பஸ். சீட்டு கிடையாது, உங்கள் பயத்தை யாரும் வாசிக்கப்போவதில்லை. பக்கத்தில் உட்காருவது மட்டும் உண்டு. அம்மையாரின் கட்டிலில் புதிதாக ஒருத்தியைச் சேர்த்திருக்கிறார்களாம். கிட்டே போனால் கடிக்கிறாளாம். அவள் பக்கத்தில் முதலில் உட்காரப்போவது நான்.