வார்டுத் திரையில் மட்டும் மாறிய ரத்த வகை

சூசைமாணிக்கம் மகள் ஜெஸ்ஸி, வயது 36, ஆகிய நான் திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்து, மென்பொருள் எழுதும் தொழில் செய்து வருகிறேன். வத்தலக்குண்டு சாலையிலுள்ள தனியார் மருத்துவமனையின் மென்பொருளைச் சோதித்துச் சொல்லும்படி சார்பு ஆய்வாளர் நூர் முகமது அவர்கள் கேட்டதன்பேரில் அங்கு சென்றேன். அதை எழுதியவர்களை எனக்குத் தெரியாது.

மேற்படி மருத்துவமனையில் தாடிக்கொம்பு ஒச்சாயி என்பவரின் அறுவை சிகிச்சைக்காக வார்டிலிருந்து பி பாசிட்டிவ் ரத்தம் கேட்டிருக்கிறார்கள். ரத்த வங்கியில் பொருத்திப் பார்த்தபோது சேராததால் ரத்தம் ஏற்றப்படவில்லை. ஆய்வகப் பதிவில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. ஆய்வகப் பணியாளர் ஃபாயிஸா முதலில் தவறாகப் பதிந்துவிட்டு, பிறகு ரகசியமாகத் திருத்தியதாக நிர்வாகம் புகார் கொடுத்திருந்தது.

நான் முதலில் தரவுகள் சேமிக்கப்படும் இடத்தைப் பார்த்தேன். ஒச்சாயியின் ரத்த வகை ஒரே முறைதான் பதியப்பட்டிருந்தது, திருத்தப்படவில்லை. அதன் பின்னர் வார்டுத் திரையைப் பார்த்தபோது அதில் அப்போதும் பி பாசிட்டிவ் என்றே இருந்தது. ஒரே பதிவை ஆய்வகத் திரை ஒரு விதமாகவும் வார்டுத் திரை வேறு விதமாகவும் காட்டியதால், காரணத்தைப் பார்க்காமல் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மென்பொருள் மூன்று அடுக்கு கொண்டது, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும் என்று சார்பு ஆய்வாளரிடம் சொன்னேன். "மூணு அடுக்குன்னு சொல்றீங்களே, அது என்னம்மா?" என்று அவர் கேட்டார். "நீங்க பாக்குற திரை மேலடுக்கு சார். பதிவெல்லாம் கிடக்குறது கீழடுக்கு. எதை யாருக்கு எப்படிக் காட்டணும்னு முடிவு பண்றது நடுவடுக்கு. உங்க ஸ்டேஷனுக்கு வர்றவங்க நேரா ரெக்கார்டு ரூமுக்குள்ள போயி கேஸ் கட்டைத் தூக்க முடியுமா? ரைட்டர்கிட்டதான கேக்கணும்?" என்றேன்.

அதன் பின்னர் அவர் முன்னிலையில், இல்லாத ஒரு நோயாளியின் பெயரையும் ஒரு ரத்த வகையையும் பதிந்து, காலியான ஒரு கட்டிலுக்கு மாற்றினேன். ஆய்வகத் திரை நடுவடுக்கைக் கேட்டு, அந்தப் பெயருக்குரிய ரத்த வகையைச் சரியாகக் காட்டியது. வார்டுத் திரையோ அந்தக் கட்டிலில் முன்பு படுத்திருந்தவரின் ரத்த வகையைக் காட்டியது. நிரலைத் திறந்து பார்த்ததில், வார்டுத் திரை மட்டும் நடுவடுக்கைத் தாண்டி, கட்டில் எண்ணை வைத்து நேராகக் கீழடுக்கிலிருந்து எடுக்கும்படி எழுதப்பட்டிருந்தது. கட்டிலில் ஆள் மாறியதைச் சரிபார்ப்பது நடுவடுக்கு என்பதால், அதைத் தாண்டிய வார்டுத் திரை பழைய ஆளின் பதிவையே எடுத்தது. ஒச்சாயியும் வேறு கட்டிலிலிருந்து மாற்றப்பட்டவர் என்று செவிலியர் சொன்னார்.

அதன் பின்னர் காவல் நிலையம் வந்தோம். வாசல் பெஞ்சில் ஃபாயிஸா மருத்துவமனைச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தார். "அக்கா, நான் மாத்தலேன்னு அதுல தெரியுதாக்கா?" என்று கேட்டார். "நீ பதிஞ்சது சரிதான். அதை யாருமே தொடலைம்மா" என்றேன். அவர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேறு எந்தத் திரையாவது இப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். நோயாளிக்கு ஒவ்வாத மருந்துகளைக் காட்டும் திரையும் அப்படியே இருப்பதைச் சொன்னேன். அவர் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்து, இரண்டு திரைகளையும் நிறுத்தச் சொன்னார்.

இதை எழுதிய காவலர் வாசித்துக் காட்டியபோது 'கணினிக் கோளாறு' என்ற சொல் வந்தது. கணினி தனக்குச் சொன்னதைத்தான் செய்தது, குறுக்கு வழி வைத்தது ஒரு மனிதர் என்று சொல்லி, அதை அடித்து நீக்கச் சொன்னேன். நீக்கிய பிறகு மீண்டும் வாசிக்கக் கேட்டேன். நான் கண்டதும் சொன்னதும் இவ்வளவே, இவை உண்மை.

(ஒப்பம்) சூ. ஜெஸ்ஸி