நீலமாக வராத ரத்தம்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவருடைய இடது கையில் பெரிய கட்டு.

"ரத்தம் நீலமா வரலைன்னதும்தான் பயந்துட்டேன் பாய்," என்றார் அவர்.

"யாருக்குய்யா நீலமா வரும்?" என்றார் பாய்.

"ஃபர்ஸ்ட் எய்டு ரூம் சார்ட்டுல தமனி சிவப்பு, சிரை நீலம்னுதானே போட்டிருக்கு. பைப்புல அடிச்ச பெயின்ட்டைப் பார்த்தே உள்ள என்ன ஓடுதுன்னு சொல்ற ஆளு நான். தகடு கிழிச்சுது, சிவப்பா வந்துச்சு. தமனி போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"கையைத் தூக்கிக்கிட்டு மெஷின் பக்கத்துலயே படுத்துட்டேன். லைனையே நிறுத்திட்டாங்க. நர்ஸம்மா வந்து பார்த்தாங்க. 'தமனின்னா நாடி துடிக்கத் துடிக்கப் பீச்சி அடிக்கும். இது சும்மா வழியுது, சிரைதான். அதுலயும் சிவப்புதான் ஓடும், கொஞ்சம் கறுத்தாப்புல இருக்கும். எழுந்திரிங்க'ன்னாங்க."

"நல்லவேளை, வீட்டுக்குச் சொல்லாம விட்டியே."

"நர்ஸம்மா வர்றதுக்குள்ள படுத்துக்கிட்டே வீட்டுக்காரிக்குப் போன் போட்டுட்டேன் பாய். பிள்ளைங்களைப் பார்த்துக்கோன்னேன். என்ன ஆச்சுன்னு கேட்டா. ரத்தம் சிவப்பா வருதுன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அருவாமனையில கை பட்டா எனக்கும் அப்படித்தான் வருது. நான் யாருக்குப் போன் போடுறது'ன்னு வெச்சுட்டா."

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். நரம்பெல்லாம் நீலமாகத்தான் தெரிந்தது. சட்டைக் கையை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டேன்.